விரல்ரேகைக்கு முறைவகுத்தவர்

வங்காளத்தின் குல்னாப் பகுதியில் 1872இல் பிறந்தவர் அசிசுல் ஹக். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதத்தில் தேர்ந்து, காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றியிடம் பணியில் சேர்ந்தார்.

ஒருவரின் விரல்ரேகை மற்றொருவருடையதை ஒவ்வாது என்பது அப்போதே அறியப்பட்டிருந்தது. எனினும், குவிந்துகிடந்த பதிவுகளுள் வேண்டிய ஒன்றை விரைந்து தேடியெடுக்க வழியில்லை. பத்து விரல்களை ஐந்து இணைகளாக்கி, ஒவ்வொன்றிலும் சுழி உண்டா இல்லையா என நோக்கி, பதிவுகளை 1024 வகைகளுள் அடக்கும் கணக்கை ஹக் வகுத்தார். ஹேம் சந்திர போஸ் துணைநின்றார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் தோன்றியது. 1901இல் இலண்டன் காவல்துறையும் அம்முறையை ஏற்றது.

ஆயினும், அது ஹென்றி முறை என்றே பெயர்பெற்றது. ஹக்கின் பங்கினைப் பிற்காலத்தில் ஹென்றியும் ஒப்புக்கொண்டார். அரசு கான் பகதூர் பட்டம் வழங்கியது. 1935இல் அவர் மறைந்தார். இவர் இன்னார் என விரல்கொண்டு அறிய வழிகண்டவரின் பெயரை, அவர் வகுத்த முறை இன்றும் தாங்கவில்லை.