தாமஸ் பிராஸி

நம் குலத்தாருள் சாலையும் பாலமும் கட்டடமும் ஒப்பந்தம் ஏற்று நடத்துவோர் தொகை சிறிதன்று. செய்து முடித்த வேலைக்குப் பணம் வாராமையும், வந்ததிலும் பிடித்தம் நிற்றலும், வழக்காடுவதா பொறுப்பதா என மயங்குதலும் அவர்தம் இல்லங்களில் நாளும் கேட்கப்படுவன. ஆதலின் அத்தொழிலில் உலகறிந்த பெயர் பெற்ற ஆங்கிலர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தாம்.

தாமஸ் பிராஸி 1805-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் இங்கிலாந்தின் செஷயர் மாகாணத்தில் ஓர் உழவர் குடியிற் பிறந்தார். பதினாறாம் வயதில் நில அளவையாளர் ஒருவரிடம் தொழில் பயிலப் புகுந்து, பின் அவர்க்கே பங்காளியாகிப் பர்க்கன்ஹெட் என்னும் ஊரிற் செங்கற் சூளையும் நடத்தினார். இருப்புப்பாதை தோன்றிய காலம் அது. டட்டன் என்னுமிடத்துப் பாலத்திற்கு அவர் கேட்ட தொகை மிகையென்று தள்ளப்பட்டது. மனையாளின் ஊக்கத்தால் மீண்டும் முயன்று பென்க்ரிட்ஜ் பாலத்தைப் பெற்றார். அங்ஙனம் கால்கொண்ட தொழில், 1843-இல் பாரிஸ் நகர்க்கும் ரூவான் நகர்க்கும் இடையே வண்டி ஓடச் செய்யுமளவு வளர்ந்தது.

ரூவானினின்று கடற்கரைக்குச் செல்லும் அடுத்த பாதையில் பாரன்டின் என்னும் பள்ளத்தாக்கின்மேல் 27 வளைவுகளும் ஏறத்தாழ 100 அடி உயரமும் உடைய பாலம் ஒன்று எழுப்பப்பட்டது. 1846-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பெருமழைக்குப் பின், வேலை முடியுந் தறுவாயில் இருந்த அப்பாலம் இடிந்து வீழ்ந்தது. ஏறத்தாழ 50,000 பவுன் மதிப்புள்ள வேலை மண்ணாயிற்று. அவ்வூர்ச் சுண்ணாம்பையே பயன்படுத்துக என்பது ஒப்பந்தத்தின் கட்டளை. அது தக்கதன்று என்று பிராஸி முன்னரே மறுத்துரைத்தவர். ஆதலின் பிழை கம்பெனியாரது என்று வழக்காட இடம் உண்டெனப் பலரும் எடுத்துரைத்தனர். அவரோ, பாதையைக் கட்டித் தந்து காப்பதாகத் தாம் ஒப்பியபின் சட்டம் தம்மைச் சொல் தவறச் செய்யலாகாது என்று கூறி, நீரில் இறுகும் நல்ல சுண்ணாம்பைத் தாமே தேடி வருவித்துத் தம் பொருளால் மீளக் கட்டினார். ஆறு திங்களுக்குள் பாலம் எழுந்தது. அதன்மேல் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.

இதனைக் கேட்டு நம் சிறு ஒப்பந்தக்காரரும் அவ்வாறே செய்க என்று யாம் கூறேம். பிராஸிக்குப் பங்காளிகள் இருந்தனர். கடன் தருவார் இருந்தனர். ஒரு வேலையிற் போனதை மற்றொன்றில் ஈட்டும் வழி இருந்தது. மனைவியின் நகையை அடகு வைத்து முதலிடுவான் ஒருவன் தன் மேலதல்லாத பிழைக்குத் தலைகொடுப்பின் குடியே அழியும். அத்தகையோன் நியாயத்தலம் செல்லுதல் இழிவன்று.

நிற்க. மேலிருந்து வரும் பணம் நின்றபோதும் கீழுள்ளார்க்குத் தருவதை அவர் நிறுத்தாமையே யாம் பெரிதும் வியப்பது. உட்குத்தகை எடுத்தவன் மண்ணென்று எண்ணி வெட்டிய இடம் பாறையாயின், அவர் வேலையிடத்திற்கு வந்து கண்டு, எழுதிய விலையை உயர்த்திக் கொடுப்பார். அவரது சரிதத்தை ஆர்தர் ஹெல்ப்ஸ் என்பார் 1872-இல் எழுதினார். அவருடன் பழகியோர் வாய்மொழியால் தொகுத்ததாகலின் புகழ்ச்சியைச் சிறிது குறைத்தே கொள்ளல் வேண்டும். எனினும் இச்செய்தி தொழிலின் நடைமுறையோடு பொருந்துவதே.

கனடா நாட்டுப் பெரும்பாதையில், கூலியின் ஒரு பகுதி காசாக அன்றிக் கம்பெனிப் பங்குச் சீட்டுகளாகத் தரப்பட்டது. சீட்டின் விலை வீழ, அவரும் கூட்டாளிகளும் பெருநட்டம் எய்தினர். அக்கூட்டாளிகளுள் ஒருவராகிய பீட்டோ, பிறிதொரு கம்பெனியின் சீட்டுகளை நம்பியிருந்து, 1866-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் ஓவரென்ட் கர்னி என்னும் இலண்டன் வட்டிக்கடை முறிந்த நெருக்கடியில் நிலைகுலைந்தார். பிராஸியும் தள்ளாடினார், வீழ்ந்திலர்.

அவ்வாண்டிலேயே ஆஸ்திரிய நாட்டில் லெம்பர்க்கினின்று செர்னோவிட்ஸ் வரை அவர் பாதை இட்டுக்கொண்டிருந்தார். பிரஷ்யரோடு போர் மூண்டது. வேலையாட்களுக்குக் கூலி நின்றது. பணம் கிராக்கவ் நகர் வரை வந்தும், அப்பால் படைகள் நின்றமையின் வண்டி ஓடவில்லை. அவருடைய காரியத்தர் ஒபன்ஹைம் என்பவர் பழைய எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெரும்பொருள் தருவதாகக் கூறி ஓட்டுநன் ஒருவனை இசைவித்து, காவற்படைகளின் ஊடே விரைந்து சென்று கூலியைச் சேர்ப்பித்தார். போர்க்காலத்திலும் கூலி தவறாத இவ்வொப்பந்தக்காரர் யாவர் என ஆஸ்திரியப் பேரரசர் வினவி, இரும்பு முடி என்னும் விருதை அளித்தனர். இப்பாதை ஓடும் நிலம் இன்று உக்ரேன் நாட்டைச் சார்ந்தது.

நம் தேயத்திலும் கீழை வங்காள இருப்புப்பாதையும் தில்லி இருப்புப்பாதையும் அவர் கூட்டாக எடுத்த வேலைகளே.

1870-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் செயின்ட் லெனார்ட்ஸ் என்னும் கடற்கரை ஊரில் அவர் இறந்தார். அதற்குமுன் நோயுற்றிருந்த நாட்களில், பழைய மண்வெட்டும் ஆட்கள் பலர் தொலைவிடங்களினின்று வந்து, அவரை வண்டியில் ஏற்ற எடுத்துச் செல்லும்போது ஒருமுறை கண்டு போதற்காக வீட்டு வாயிலிற் காத்து நின்றனர்.