ரஞ்சி: பிறந்த நாடும் ஆடிய நாடும்

மைசூரில் வாழும் தமிழர்க்கு ஒரு சிறு சங்கடம் அவ்வப்போது நேர்வதுண்டு. ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் கருநாடகமும் தமிழ்நாடும் எதிர்ப்படும்போது எவ்வணியின் வெற்றியை விரும்புவது என்பதே அது. நம் முதியோர் சேப்பாக்கத்தின் பக்கம் சாய்வர். இங்கேயே பிறந்து இங்கேயே பயின்ற நம் மக்களோ தயக்கமின்றிக் கருநாடகத்துக்குக் கைதட்டுவர். வீட்டினுள் எழும் இந்த அன்புப் பூசல் அக்கோப்பையின் வயதை ஒத்தது. 1934ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடந்த அப்போட்டியின் முதல் ஆட்டமே சென்னைக்கும் மைசூருக்கும் இடையில் நடந்ததுதான். மைசூர் அணி முதன்முறை 48 ஓட்டங்களும் மறுமுறை 59 ஓட்டங்களும் எடுத்தது. சென்னை ஒரே முறை ஆடி எடுத்த 130 ஓட்டங்கள் அதற்குப் போதுமாயின; ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. அன்று சென்னைக்காகப் பந்து வீசி, 35 ஓட்டங்களே கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ராம்சிங் என்பவர்; சென்னையையே தம் ஊராகக் கொண்டுவிட்ட சீக்கியக் குடும்பத்தவர்.

இவ்வாறு ஊர் விட்டு ஊர் வந்தோரின் கைவண்ணத்தோடு தொடங்கிய அக்கோப்பைக்குப் பெயர் தந்த பெருமகனார், தாம் பிறந்த நாட்டுக்காக ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆடாதவர். ஒரு நாட்டிற் பிறந்து, வேறு நாட்டிற் பயின்று, அந்நாட்டுக்கே ஆடிய அவர் எந்நாட்டுக்கு உரியவர் என்ற வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு அவர் வாழ்க்கையில் ஓர் உரிமை உண்டென்று கருதியே இதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

ரஞ்சித்சிங்ஜி 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் கத்தியவார் நாட்டில் நவாநகர் சமஸ்தானத்தைச் சேர்ந்த சரோதர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அரச குலத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த குடும்பம் அது, செல்வம் மிக்கதன்று. நவாநகர் மன்னர் ஜாம் விபாஜி தம் மூத்த மகன்மீது வெறுப்புற்று, 1878இல் சிறுவன் ரஞ்சியை வாரிசாகத் தெரிந்தெடுத்தார். நான்கு ஆண்டுகள் கழிந்து அரண்மனையில் வேறொரு மகன் பிறக்கவே, மன்னரின் மனம் மாறியது. ஆங்கில அரசும் 1884இல் அப்புதிய மகனையே வாரிசாக ஏற்றுக்கொண்டது. முறைப்படியான சுவீகாரம் நிறைவேறியதா இல்லையா என்பது பின்னர் நெடிய வழக்காயிற்று.

சுவீகாரத்தால் எழும் இடர் மைசூரார் அறியாததன்று. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1865இல் சுவீகாரம் கொண்ட சாமராஜேந்திரரை ஆங்கிலேயர் எளிதில் ஏற்கவில்லை. பல்லாண்டு வழக்காடலுக்குப் பின்னரே, 1881இல் நாடு மீண்டும் உடையார் குலத்தின் கைக்கு வந்தது. சாமராஜேந்திரருக்குக் கிட்டிய நல்லூழ் இளம் ரஞ்சிக்குக் கிட்டவில்லை. அரியணை அவர் கண்முன் காட்டப்பட்டுப் பின் பறிக்கப்பட்டது. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் திறவுகோல் இந்நிகழ்ச்சியே என்பது நம் கருத்து.

இராசகோட்டையில் இராஜகுமாரர் கல்லூரியில் பயின்ற அவரை, அக்கல்லூரித் தலைவர் மக்நாட்டன் 1888இல் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் திரினிட்டிக் கல்லூரியிற் சேர்ந்தார். பட்டம் பெறவில்லை; கிரிக்கெட்டைப் பெற்றார். கூலி கொடுத்துத் தொழில்முறைப் பந்து வீச்சாளர்களை அமர்த்தி, நாள்தோறும் மணிக்கணக்கில் வலைக்குள் நின்று பயின்றார். வேகமாக வரும் பந்தைக் கண்டு வலது கால் பின்வாங்காதிருக்க, பயிற்றுநர் அக்காலைத் தரையோடு பிணைத்துவிட்டார் என்றும், நகர இயலாத அந்நிலையில் மணிக்கட்டின் சிறு திருப்பத்தால் பந்தைக் காற்பக்கமாகப் பின்னே சறுக்கவிடும் அடி பிறந்தது என்றும் சொல்வர். ஆங்கிலேயர் அதுகாறும் நேர் மட்டையால் முன்னே அடிப்பதையே முறையெனக் கொண்டிருந்தனர். இந்த அடியோ அவர்களுக்கு மாயம்போல் தோன்றிற்று. ஆயினும் கேம்பிரிட்ஜ் அணியில் இடம் கிடைக்க 1893 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தோழர்கள் அவர் பெயரை உச்சரிக்க மாட்டாது ஸ்மித் என்று அழைத்தனராம். பெயரை இழப்பதும் அயலூர் வாழ்க்கையின் கூலிகளுள் ஒன்று போலும்.

1895இல் சஸ்ஸெக்ஸ் அணிக்கு ஆடப் புகுந்து, லார்ட்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காது 77 ஓட்டங்களும் மறுமுறை 150 ஓட்டங்களும் குவித்தார். மறு ஆண்டு ஆஸ்திரேலியர் வந்தபோது, இங்கிலாந்து அணியில் அவர் பெயர் இருக்குமென்று பலரும் எதிர்பார்த்தனர். அக்காலத்தில் ஆட்டம் நடக்கும் மைதானத்தை உடையவர்களே அணியைத் தெரிந்தெடுப்பது வழக்கம். லார்ட்ஸ் குழுவினர் ரஞ்சியை எடுக்கவில்லை. அயல்நாட்டில் பிறந்தவர் இங்கிலாந்துக்கு ஆடலாகாது என்ற ஹாரிஸ் பிரபுவின் எண்ணமே அதற்குக் காரணமெனப் பலரும் எழுதியுள்ளனர்.

இந்த ஹாரிஸ் பிரபுவைப் பற்றி மைசூரார் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டண முற்றுகையை நடத்திய படைத்தலைவர் ஹாரிஸின் வழித்தோன்றல் அவர். அக்குடும்பத்தின் பிரபுப் பட்டத்திலேயே சீரங்கப்பட்டணமும் மைசூரும் இடம்பெற்றுள்ளன. அவருடைய தந்தையார் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். அவரும் பம்பாய் ஆளுநராக இருந்தவர். அதுமட்டுமன்று, அவர் பிறந்ததே மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான திரினிடாடில்! அங்கே பிறந்தவர் இங்கிலாந்து அணிக்குத் தலைவராகலாம். கத்தியவாரிற் பிறந்தவர் அவ்வணியில் ஆடவும் ஆகாது. ரஞ்சி சேர்ந்தபோது சஸ்ஸெக்ஸ் அணிக்குத் தலைவராயிருந்த மர்டாக் என்பவர் முன்னர் ஆஸ்திரேலிய அணித்தலைவராய் விளங்கியவர். பின்னர் இங்கிலாந்துக்காகவும் ஆடினார். அவருடைய பற்று எங்கே என்று எவரும் வினவியதாகத் தெரியவில்லை. நாட்டுப்பற்றுக்கான சான்றை எல்லாரிடமும் கேட்பதில்லை. சிலரிடம் மட்டுமே கேட்கிறார்கள்.

மான்செஸ்டர் நகரில் நடக்கவிருந்த அடுத்த ஆட்டத்துக்கு லங்காஷயர் குழுவினர் ரஞ்சியை அழைத்தனர். ஆஸ்திரேலியத் தலைவர் டிராட் மறுப்புக் கூறவில்லையெனில் ஆடுவேன் என்றார் ரஞ்சி. டிராட் மனமுவந்து இசைந்தார். 1896 ஜூலை 16ஆம் நாள் தொடங்கிய அவ்வாட்டத்தில் முதன்முறை 62 ஓட்டங்கள் எடுத்தார். மறுமுறை ஏனையோர் ஒருவர்பின் ஒருவராக வீழ, இவர் ஒருவரே நிலைத்து நின்று, ஆட்டமிழக்காது 154 ஓட்டங்கள் எடுத்தார். மூன்றாம் நாள் பகலுணவுக்கு முன்னரே நூறு ஓட்டங்களுக்கு மேல் குவித்துவிட்டார். இங்கிலாந்து தோற்றது, ரஞ்சி வென்றார். அவ்வாண்டில் அவர் எடுத்த 2780 ஓட்டங்கள், கிரேஸ் பெருமகனார் 1871இல் நாட்டியிருந்த எல்லையைக் கடந்தன.

1897 இறுதியில் ஆஸ்திரேலியா சென்று, தொண்டைநோயால் வாடிய நிலையிலும் சிட்னியில் 175 ஓட்டங்கள் எடுத்தார். மொத்தம் 15 டெஸ்ட் ஆட்டங்கள், 989 ஓட்டங்கள். முதல்தர ஆட்டங்களில் 72 சதங்கள். 1899இல் ஒரே பருவத்தில் 3000 ஓட்டங்களைக் கடந்த முதல் மனிதர் அவரே. கணக்குகள் இம்மட்டில் நிற்க.

புகழின் உச்சியில் இருந்த 1898இல் அவர் ஆங்கிலப் பருவத்தை முழுதும் கைவிட்டு இந்தியாவில் தங்கினார். நவாநகர் அரியணைக்கு மனுச் செய்வதற்காகவே அத்தங்கல். இங்குதான் அவருடைய பற்றின் முடிச்சு விளங்குகிறது. லார்ட்ஸில் எழும் ஒவ்வொரு கைதட்டலும் ஜாம்நகர் வழக்கில் அவர்பக்கம் நிற்கும் ஒரு சாட்சி. தாம் எழுதி 1897இல் வெளியிட்ட கிரிக்கெட் நூலை விக்டோரியா மகாராணியாருக்கே அவர் உரித்தாக்கினார். அன்பு இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அரியணையைத் தரவும் மறுக்கவும் வல்லவர் யார் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1906இல் ஜாம் ஜஸ்வந்த்சிங்ஜி வாரிசின்றி மறையவே, 1907 மார்ச்சில் ரஞ்சி ஜாம் சாகிபாக முடிசூடினார்.

மன்னரானபின் ஊரைத் திருத்தினார். பேடித் துறைமுகத்தை வளர்த்தார். கடனும் வளர்த்தார். முதல் உலகப் போரில் பிரான்சுப் போர்முனைக்குச் சென்றார். தம் ஆங்கில மாளிகையைக் காயமுற்ற படைத்தலைவர்களுக்கு மருத்துவமனையாக்கினார். 1915இல் இங்கிலாந்தில் பறவை வேட்டையின்போது குண்டு பட்டு வலது கண்ணை இழந்தார். 1920இல், ஒற்றைக் கண்ணோடு, மீண்டும் சஸ்ஸெக்ஸுக்கு ஆடிப் பார்த்தார், பயனில்லை. இந்திய மன்னர்களின் சார்பில் உலக நாடுகளின் சங்கத்திலும் அமர்ந்தார்.

இவரைப் பழிப்போர் பலர். இந்தியாவுக்கு ஆடவில்லையே என்பது அவர்களுடைய குறை. அக்குறை 1896ஐப் பற்றியதாயின் பொருளற்றது. ஆடுதற்கு இந்திய டெஸ்ட் அணி என ஒன்று அந்நாளில் இல்லை. கென்யாவிற் பிறந்த கிப்கெட்டர் என்னும் ஓட்டவீரர் 1990இல் மாணவராக டென்மார்க் சென்று, அந்நாட்டுக்கே ஓடலானார். குடியுரிமை முழுமையாகக் கிடைக்காமையால் 1996 ஒலிம்பிக்கில் ஓட இயலாது நின்றார். இன்னொரு கென்யரான செரோனோ 2003இல் கத்தார் நாட்டுரிமை பெற்று, பெயரையும் மாற்றிக்கொண்டு, அவ்வாண்டே பாரிசில் உலக வாகையர் ஆனார். மறு ஆண்டு ஏதன்ஸ் ஒலிம்பிக்கில் ஓடக் கென்யா இசைவு தரவில்லை. இவர்களுக்கு முன்னே இரு கொடிகள் இருந்தன, ஒன்றைத் தெரிந்துகொண்டனர். ரஞ்சியின் இளமையில் கொடி ஒன்றே இருந்தது. அதுவும் அவருடையதன்று.

ஆனால் 1932ஐப் பற்றியதாயின் அக்குறையை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் சி. கே. நாயுடுவின் தலைமையில் இந்திய அணி லார்ட்ஸில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. ரஞ்சியின் உடன்பிறந்தார் மகன் துலீப்சிங்ஜி அப்போது உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர். 1930இல் அதே லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 173 ஓட்டங்கள் எடுத்தவர். அவரை இந்தியாவுக்கு அழைக்க விரும்பியோர் இருந்தனர். தாமும் துலீப்பும் ஆங்கிலேய ஆட்டக்காரர்களே என்று ஜாம் சாகிப் மறுத்துவிட்டதாகக் கூறுவர். தாம் செய்துகொண்ட தேர்வை அவர் தம் பிள்ளையின்மீதும் ஏற்றினார். இந்திய ஆட்டத்துக்கென அவர் செய்தது மொத்தத்தில் மிகக் குறைவே. அதை மறைப்பதில் அவருக்கும் பெருமையில்லை, நமக்கும் பெருமையில்லை.

இதற்கு நேர்மாறான வழியும் நம் ஊரிலேயே உண்டு. செங்கற்பட்டுச் சீமையிற் பிறந்த ரங்காசார்லுவும் பாலக்காட்டுச் சேஷாத்திரி ஐயரும் மைசூரின் திவான்களாயினர். சென்னையார் வந்து பதவிகளைப் பிடித்தனர் என்ற முணுமுணுப்பு அந்நாளில் இங்கே வலுத்தது. அதில் நியாயமே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. ஆயினும் காவிரியின் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்க வழி வகுத்த சேஷாத்திரி ஐயர் எந்த ஊருக்காக உழைத்தார் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. வந்த ஊருக்கு உழைத்ததனால் பிறந்த ஊருக்கு அவர் இரண்டகம் செய்தவர் ஆகிவிடவும் இல்லை. ரஞ்சியும் இரண்டையும் சேர்த்தே சுமந்திருக்கலாம் என்பதே நம் ஆற்றாமை.

இறுதிக் காலத்தில் அவர் பற்று வைத்த அரசே அவரைப் புறக்கணித்தது. சுதேச மன்னர் மன்றத்தின் தலைவராக இருந்த அவர், 1933 மார்ச்சில் தில்லியில் கூட்டாட்சித் திட்டத்தை எதிர்த்துப் பேசுகையில், அரசப்பிரதிநிதி வில்லிங்டன் பிரபு இடைமறித்துத் தடுத்தார். வில்லிங்டனும் ஒரு காலத்தில் கேம்பிரிட்ஜுக்கும் சஸ்ஸெக்ஸுக்கும் ஆடியவரே! மனம் நொந்து ஊர் திரும்பிய ஜாம் சாகிப் ஏப்ரல் 2ஆம் நாள் ஜாம்நகரில் காலமானார்.

மறு ஆண்டு பட்டியாலா மன்னர் பூபிந்தர்சிங் அவர் நினைவாகப் பொற்கோப்பை ஒன்றை அளித்தார். 1936–37இல் அக்கோப்பையை நவாநகரே வென்றது. அவ்வணியில் சஸ்ஸெக்ஸிலிருந்து வந்த வென்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் ஆடினார். துலீப் நோயுற்று இளமையிலேயே ஆட்டத்தை விட்டார். இந்தியா விடுதலை பெற்றபின், 1950களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவில் இந்தியத் தூதராக அமர்ந்து மூவண்ணக் கொடியின் கீழ்ப் பணி செய்தார். 2010 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையின் இறுதியாட்டம் நம் மைசூர் மானசகங்கோத்திரி மைதானத்துக்கே வந்தது. கருநாடகம் 338 ஓட்டங்களைத் துரத்திச் சென்று, 6 ஓட்டங்களில் மும்பையிடம் தோற்றது.