காலடியைக் கணக்கெழுதிய குமரப்பா

ஒருவர் உண்ணவும் உடுக்கவும் எரிக்கவும் எவ்வளவு நிலம் செலவாகிறது என்று கணக்கிடுவதைச் சூழலியல் காலடித் தடம் என்கிறார்கள். அப்பெயர் 1990-களில்தான் வழக்கில் வந்தது. ஆனால் அதைப் போன்றதொரு கணக்கை 1940-களிலேயே போட்டுப் பார்த்தவர் ஒரு தமிழர்.

தஞ்சையில், கிறிஸ்தவக் குடும்பமொன்றில், 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் பிறந்தவர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலையே நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பொருளாதாரம் படித்தார். இந்தியாவின் வறுமைக்கு அன்னிய அரசின் வரவு செலவே பெருங்காரணம் என்பது அங்கேதான் அவருக்குப் புலனாயிற்று.

1929-ஆம் ஆண்டு தம் ஆராய்ச்சிக் கட்டுரையுடன் சபர்மதிக்குப் போனார். மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவரே காந்தியடிகள். ஐரோப்பிய உடுப்புடன் வந்தவர் அந்தத் தரையிலேயே அமர்ந்தார். விரைவில் உடுப்பு கதராயிற்று; பெயரும் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்றாயிற்று. இறுதிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

1934-இல் பீகாரில் பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கு குமரப்பாவின் கையில் இருந்தது. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று அளவு வைத்தார். காந்தியடிகளும் உடன் வந்தோரும் அங்கு வந்தபோது, அவர்களுடைய செலவை இந்த நிதி தாங்காது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்! மகாத்மாவிடமே இப்படியா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. காந்தியடிகளோ கோபிக்காமல் அதை ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதன் பொறுப்பும் இவரிடமே வந்தது.

வார்தாவில் மகன்வாடியில் அவர் செய்வித்த விளக்கொன்று மண்ணெண்ணெய்க்குப் பதில் விதை எண்ணெயில் எரிந்தது. காரணம் எளிது. நிலக்கரியும் மண்ணெண்ணெயும் தொட்டியில் தேங்கிய நீர் போன்றவை. மொள்ள மொள்ளக் குறையும். விதை எண்ணெயோ ஆண்டுதோறும் விளைவது. ஓடும் ஆற்று நீர் போன்றது. தொட்டியை நம்பி வாழும் நாடுகள் அதற்காக ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று அவர் எச்சரித்தார்.

1942-க்குப் பின் ஜபல்பூர் சிறையில் அடைபட்டிருந்தபோது இயேசு கிறிஸ்துவின் போதனைகளைப் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் தலைப்பில் இன்னொரு நூலும் ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டுக்கும் முன்னுரை எழுதியவர் காந்தியடிகள்.

அவருடைய நிலக் கணக்கு இதுதான்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,860 கலோரி வேண்டும். அதற்குத் தானியம், பருப்பு, வெல்லம், எண்ணெய், பால், காய், கனி ஒவ்வொன்றும் எவ்வளவு? உடைக்குப் பஞ்சு எவ்வளவு? ஒரு லட்சம் பேருக்கு ஓராண்டுக்கு அதைப் பெருக்கி, எதெதற்கு எத்தனை ஏக்கர் என்று பங்கிட்டார். இந்தத் தேவை தீர்ந்த பிறகே ஆலைகளுக்கான பயிர் என்பது அவர் முடிவு.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எங்கள் வீட்டுக் கணக்கை எழுத உட்கார்ந்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய் வரை அம்மா கடகடவென்று சொல்லிவிட்டார்கள். என் சீருடைக்கு எத்தனை சென்ட் பருத்தி நிலம் என்று கேட்டதும் அப்பாவே விழித்தார்கள். துணியைப் பார்த்தால் பாதிக்கு மேல் பாலியெஸ்டர்! அது நிலத்தில் விளைவதில்லை. மண்ணெண்ணெய் வந்த அதே கிணற்றிலிருந்து வருகிறது. குமரப்பாவின் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. அதைத் தனியே, தொட்டி என்று தலைப்பிட்டு எழுதினேன். பேருந்து, சமையல் வாயு, பிளாஸ்டிக் வாளி எல்லாம் அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்தன. அந்தப் பக்கம்தான் நீளமாக இருக்கிறது. வாரம் இரண்டு நாள் பேருந்தை விட்டு நடந்து வருகிறேன். அந்த வரி மட்டும் சற்றுக் குறைந்திருக்கிறது.

குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மதுரையில் உயிர் நீத்தார்.