ஆடுகளம் கண்ட பெருமகன் பல்வாங்கர் பாலு

கல்விக்கூடத்தின் கதவும் ஆடுகளத்தின் வாயிலும் நம் மக்களுக்கு ஒருசேர அடைபட்டிருந்த காலம் உண்டு. அக்காலத்தில் தம் பந்துவீச்சு ஒன்றையே துணையாகக் கொண்டு களம் புகுந்தவர் பல்வாங்கர் பாலு. காரைக்கால் பகுதிப் பள்ளிப் போட்டிகளில் ஓடியும் ஆடியும் பரிசு பெறும் நம் மாணவச் செல்வங்கள் அவர் வரலாற்றை அறிதல் வேண்டுமெனக் கருதி, இவ்வெள்ளி விழா மலரில் அதனைச் சுருக்கி வரைகின்றோம்.

1876ஆம் ஆண்டில் தார்வாரில், தோல்தொழில் புரிவோர் குலத்தில் பாலு பிறந்தார். புனா நகரில் பார்சியர் கழகமொன்றில் மாதம் 3 ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பெருக்கிச் செப்பனிட்டார். பின்னர் வெள்ளையர் கழகத்தில் 4 ரூபாய்க்கு அமர்ந்தார். மட்டை பிடிக்கும் துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசுவதும் அவர் பணியாயிற்று. ஓயாது வீசிய பழக்கத்தால் அவருடைய இடக்கைச் சுழற்பந்து கூர்மை பெற்றது.

புனா இந்துக்கள் வெள்ளையரை வெல்ல விரும்பினர். அதற்குப் பாலு தேவைப்பட்டார். தீண்டாமை குறுக்கே நின்றது. நெடிய வாதத்திற்குப்பின் அவரை அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்களே, இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் தேநீர் அளித்தனர். பந்துக்கு இல்லாத தீட்டு குவளைக்கு எங்ஙனம் வந்ததோ, அறியோம்!

பின்னர் அவர் பம்பாய் சென்றார். ஆங்கே அணிகள் இனவாரியாகவும் சமயவாரியாகவும் பிரிந்திருந்தன. 1907இல் ஐரோப்பியர், பார்சியர், இந்துக்கள் என மூவணிப் போட்டி தொடங்கிற்று. 1912இல் முஸ்லிம்களும் சேர நாலணியாகவும், 1937இல் ஐந்தணியாகவும் விரிந்து, 1946இல் அது முடிவுற்றது. இத்தொடருக்கு முன்பே, 1906இல் ஐரோப்பியரை 109 ஓட்ட வேறுபாட்டில் இந்து அணி வென்றதில் பாலுவின் பங்கு பெரிது. 1911இல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவரைப் போற்றியோருள் அண்ணல் அம்பேத்கரும் ஒருவர்.

இத்துணைப் புகழ் பெற்றும் அணித்தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1920இல் அவர் ஒதுக்கப்பட்டபோது, தம்பியர் சிவராமும் விட்டலும் தாமும் ஆடோம் என விலகி நின்றனர். அதன்பின்னரே பாலு துணைத்தலைவராக்கப்பட்டார். 1923இல் விட்டல் தலைவரானார். அவ்வாண்டு அணி வெற்றியும் கண்டது.

1932ஆம் ஆண்டின் புனா ஒப்பந்தத்தில் பாலு கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் அண்ணலையே எதிர்த்து நின்று தோல்வியுற்றார். அரசியலில் அவர் சென்ற வழி வேறாயினும், ஆடுகளத்தில் அவர் ஆற்றிய தொண்டு குறைவுபடாது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்ட மறு ஆண்டாகிய 1955இல் அவர் மறைந்தார்.

திறமை அவரை அணிக்குள் கொண்டு சேர்த்தது; தலைமையை அடைவதற்கோ உடன்பிறந்தாரின் ஒற்றுமை வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் இரண்டையும் பெறுவார்களாக!