எல்லைகளை வென்ற படுக்கை வண்டி

பெல்ஜியத்தின் லீயேஜ் நகரிலே, வங்கித் தொழில் நடாத்திய செல்வக் குடும்பமொன்றில், 1845ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோர்ஜ் நாகல்மாக்கர்ஸ். இளமையில் உறவுப் பெண்ணொருத்திமேற் கொண்ட காதல் கைகூடாமையால், அத்துயரை மறக்கும்பொருட்டு அமெரிக்கா சென்றார்.

அங்கே புல்மன் என்பார் அமைத்த படுக்கை வண்டிகள் அவர் சிந்தையைக் கவர்ந்தன. ஆயினும், அவ்வண்டிகளிற் பயணிகளுக்கு மறைப்பாயிருந்தது திரைச்சீலை ஒன்றே. தனியறைகள் கொண்ட வண்டிகளை ஐரோப்பாவில் ஓட்ட அவர் உறுதி பூண்டார். அந்நாளில் அங்கு புகையிரதக் கம்பனிகள் பல. நெடும்பயணம் செல்வோர் இடையிடையே வண்டி மாறவேண்டியிருந்தது. 1870இல் மூண்ட பிரான்சிய - பிரஷ்யப் போரும் அவர் முயற்சியைத் தடுத்தது. ஆயினும் தளராது, 1876இல் அனைத்துலகப் படுக்கை வண்டிக் கம்பனியை நிறுவினார்.

1883 ஒக்டோபர் 4ஆம் நாள், ஓரியன்ற் எக்ஸ்பிரஸ் தன் சிறப்புத் தொடக்கப் பயணத்தைப் பாரிஸிலே தொடங்கிற்று. பயணிகள் தன்யூப் நதியைப் படகிற் கடந்து, வேறு வண்டியில் வர்ணாத் துறையடைந்து, அங்கிருந்து கப்பலேறிக் கொன்ஸ்தாந்திநோபிள் சேர்ந்தனர். 1889இல் அந்நகர்வரை புகையிரதமே சென்றது.

1905இல் நாகல்மாக்கர்ஸ் மறைந்தார். 1914இல் மூண்ட போர் எல்லைகளை அடைத்தது. 1918இல் ஜெர்மனி போர்நிறுத்தத்திற் கையொப்பமிட்டது, அவர் கம்பனியின் உணவு வண்டியாயிருந்த பெட்டியொன்றிலேயாம். 1940இல் பிரான்ஸ் பணிந்து ஒப்பமிட்டதும் அதே பெட்டியில்! நாடுகளை இணைக்கப் பிறந்த வண்டி, அவற்றின் பகைக்கும் சாட்சியாயிற்று.