கேட்டே சிரிக்க வைத்த பாலையா

'காதலிக்க நேரமில்லை' படத்தைப் பாராதவர் நம் மன்றத்தில் எவரும் இருக்கமாட்டார். அதில் மறக்க முடியாத காட்சி எது என்று கேட்டால், நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். கதை சொன்னவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால், கதையைக் கேட்டவர் யார்? நாற்காலியில் அமர்ந்து, கன்னம் துடிக்க, கண் பிதுங்க, சிறுகச் சிறுக உடல் ஒடுங்கிப்போனாரே, அவர் டி. எஸ். பாலையா. அவர் அப்படிக் கேட்டிராவிட்டால் அந்தக் கதைக்கு யார் சிரித்திருப்பார்கள்? கடல் உயிரியல் படிப்பவனுக்கு நடிகர் வரலாறு எதற்கு என்று என் துறை நண்பர்கள் நகைக்கிறார்கள். நகைக்கட்டும். கேட்பவனின் பெருமையைச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பாலையா 1914 ஆகஸ்டு 23-ஆம் நாள் நெல்லைச் சீமையில் சுண்டங்கோட்டை என்னும் சிற்றூரில் பிறந்தார். நாடக மேடை அவரை வளர்த்தது. 1936-இல் 'சதிலீலாவதி' அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை அது. எம். கே. ராதா, எம். ஜி. ஆர்., என். எஸ். கிருஷ்ணன் ஆகியோரும் அந்த ஒரே படத்தில்தான் அறிமுகமானார்கள். ஒரு படத்தில் இத்தனை பேர் முளைத்த அதிசயத்தைத் தமிழ்த் திரையுலகம் அதிகம் கண்டதில்லை. கதாநாயகனைக் குடிக்குப் பழக்கிக் கெடுக்கும் தீய நண்பன் வேடம் பாலையாவுக்கு. கெட்டுப்போன நாயகன் கடல் கடந்து இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான். கப்பலேறிப் பிழைக்கப் போன தமிழனின் கதையைத் திரையில் காட்டிய முற்காலப் படங்களில் ஒன்று என்பதால், தீவில் பிறந்த எனக்கு அதன்மேல் தனிப் பரிவு உண்டு. இயக்குநர் எல்லிஸ் டங்கன் தமிழ் அறியாத அமெரிக்கர். வசனம் புரியாதவர் நடிகர்களின் முகத்தைத்தானே பார்த்திருப்பார்? பாலையாவின் முகம் அந்தப் பள்ளியில்தான் பழகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மறு ஆண்டே, டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யில் எம். கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராக ருத்திரசேனன் ஆனார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சூழ்ச்சிக்காரர் வேடம் அவரைத் தொடர்ந்தது. 1956-இல் வந்த 'மதுரை வீர'னில் நரசப்பனும் அவரே. இடையில் வேறு சுவைகளும் உண்டு. அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' (1949) படத்தில், நாயகன் செல்வந்தன் ஒருவன் பெயரில் ஆள்மாறாட்டம் செய்யத் துணை நிற்கும் நண்பன் மணியாக வந்தார். 'தூக்குத்தூக்கி'யில் (1954) சேட்டாக வந்து, வடநாட்டார் பேசும் உடைந்த தமிழைப் பேசினார். ஒரு மொழியை ரசிக்கும்படி உடைப்பதற்கு அம்மொழியின் எலும்பெலும்பாக அறிந்திருக்க வேண்டும். மேடை நடிகருக்கு அந்தக் காது இருந்தது.

இனி 1964-க்கு வருவோம். 'கல்யாண பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று மக்களைக் கண்ணீரில் நனைத்த ஸ்ரீதர், தம் சித்ராலயா நிறுவனத்தின் சார்பில் வண்ணத்தில் ஒரு முழுநீளச் சிரிப்புப் படம் எடுக்கத் துணிந்தார். நண்பர் கோபு எழுத்தில் கைகொடுத்தார். ஒளிப்பதிவு வின்சென்ட். ஆழியாறு அணைப் பக்கத்துக் குளிர்ச்சி முழுவதும் படத்தில் இருக்கிறது. ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். பாலையாவோ தோட்ட முதலாளி விசுவநாதன். 1936-இல் ஒருவனைத் தேயிலைத் தோட்டக் கூலியாக்கிய பாவி, 1964-இல் தானே எஸ்டேட்டுக்கு உடையவராகிவிட்டார்! 1949-இல் ஆள்மாறாட்டத்துக்குத் துணை நின்றவர், இப்போது ஆள்மாறாட்டத்தில் ஏமாறுபவர். இதை ஸ்ரீதர் எண்ணிச் செய்தாரோ இல்லையோ, நான் எண்ணி எண்ணிச் சிரித்திருக்கிறேன்.

வேலையிலிருந்து தம்மால் நீக்கப்பட்ட அசோக் என்னும் இளைஞன் பெருஞ்செல்வரின் பிள்ளை என்று அறிந்ததும் விசுவநாதன் தலைகீழாக மாறுகிறார். அந்தச் 'செல்வர்' தாடி ஒட்டிய முத்துராமன் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவரை வரவேற்கும்போது பாலையா ஒரு சிறு வேலை செய்கிறார். நேற்றுவரை ஒருமையில் விரட்டிய பையனின் பெயருக்கு மரியாதை விகுதி ஒட்டுகிறார். அதோடு விட்டாரா? மகன் என்ற சொல்லுக்கும் 'அர்' விகுதி சேர்த்துவிடுகிறார்! நன்னூலார் இருந்திருந்தால் மூர்ச்சை போட்டிருப்பார். பணத்தின் முன் ஒரு மனிதனின் முதுகு எவ்வளவு வளையும் என்பதை ஒரே ஓர் எழுத்தில் காட்டிவிட்டார் பாலையா.

இந்த ஓர் எழுத்தின் அருமை எனக்கு டெய்ரி ஃபார்மில்தான் விளங்கியது. போர்ட் பிளேர் என நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய நகரத்தின் ஒரு பகுதி எங்கள் டெய்ரி ஃபார்ம். மூன்று நாள் கப்பலில் வந்திறங்கிய நெல்லைக்காரர் என் பாட்டனார். எங்கள் தெருவில் வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள் எல்லாரும் உண்டு, பொதுப்பேச்சு இந்திதான். ஸ்ரீதர் இதே கதையை 1966-இல் 'ப்யார் கியே ஜா' என்று தாமே இந்தியில் இயக்கினார். கதை சொல்லும் மகன் மெஹமூத், கேட்கும் தந்தை ஓம் பிரகாஷ். மெஹமூதுக்குப் பிலிம்பேர் விருதும் கிடைத்தது. எது உயர்வு என்று எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

வழக்கைத் தீர்க்க ஒருநாள் எல்லாருமாகத் தமிழ்ப் படத்தைப் பார்த்தோம். பேய்க்கதைக் காட்சியில் தமிழே அறியாத பக்கத்து வீட்டு அம்மையார் எங்களோடு சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அச்சத்துக்கு மொழி ஏது? ஆனால் அந்த 'அர்' விகுதி வந்தபோது என் பாட்டி ஒருவர்தான் குலுங்கிச் சிரித்தார். இந்தி வழியில் படிக்கும் என் தம்பி, பாட்டி ஏன் சிரிக்கிறார் என்று என் முகத்தைப் பார்த்தான். இந்தியில் பிறர் மகனை மரியாதையாகச் சொல்ல 'சாஹப்ஜாதே' என்ற சொல் இருக்கிறது. ஆகவே அங்கே அது பிழையே அன்று. தமிழில் அது பிழை என்று அறிந்தவனுக்கே சிரிப்பு. தம்பிக்கு விளக்கிச் சொன்னேன். புரிந்தது என்றான், சிரிப்பு வரவில்லை. விளக்கிச் சொன்ன பிறகு எந்த நகைச்சுவைக்குத்தான் சிரிப்பு வரும்? பாட்டிக்குத் தானாக வந்தது அவனுக்கு வரவில்லையே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பெற்றோர் கப்பலேறியபோது மொழியையும் ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள். அதன் விகுதிகள் எந்தத் துறையில் இறங்கிப் போயின?

நிற்க. பாலையாவிடம் திரும்புவோம். 1965-இல் 'திருவிளையாடல்'. வித்துவச் செருக்கே வடிவான ஹேமநாத பாகவதராக வந்து, பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்தார். அப்படி வாயசைத்தார் என்பதையே நாம் மறந்துபோகும்படி தோளும் கையும் கண்ணும் பாடின. ஆயினும் நான் வியப்பது அவர் பாடும் இடத்தை அன்று. விறகு விற்பவராக வந்த இறைவன் திண்ணையில் பாட, அதை அவர் கேட்கும் இடத்தையே. அகந்தை வடிந்து அச்சம் ஏறுகிறது. இரவோடிரவாக மதுரையை விட்டு ஓடுகிறார். அங்கும் கேட்பவரே அவர். 1967-இல் ஸ்ரீதரின் 'ஊட்டி வரை உறவு', பாலசந்தரின் 'பாமா விஜயம்' இரண்டிலும் நடித்தார். பின்னதில், நடிகை அடுத்த வீட்டுக்குக் குடிவந்ததும் தலைகால் தெரியாமல் ஆடும் மருமகள்களுக்கு மாமனார்.

1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. சிவாஜி நாதசுரம், பாலையா தவில்காரர் முத்துராக்கு. தவில்காரர் நாதசுரத்தைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டியவர். குழலின் போக்கறிந்து அடி விழ வேண்டும், ஓய வேண்டிய இடத்தில் கை ஓய வேண்டும். திரையில் அவர் தலையசைப்பையும் புருவத்தையும் மட்டும் ஒருமுறை பாருங்கள் நண்பர்களே. நாதசுரத்தை மறந்துவிட்டுப் பாருங்கள்.

1972 ஜூலை 22-ஆம் நாள், தம் 57-ஆம் வயதில் பாலையா மறைந்தார். அவர் மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரிலேயே பல படங்களில் நடித்து 2023 நவம்பரில் காலமானார்.