கால்நடை நடமாட்டத்தைத் தடுத்து வெக்கை நோயை அடக்கிய மருத்துவர் லான்சிசி

கோமாரி போன்ற தொற்று பரவும் காலங்களில், தமிழகத்தில் இருந்து பாலக்காட்டின் வாளையாறு, இடுக்கியின் குமுளி வழியாகக் கேரளம் செல்லும் கால்நடைகள் சோதனைச் சாவடிகளில் நிறுத்தப்பட்டு ஆய்வு செய்யப்படுகின்றன. இத்தகைய நடைமுறைக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே வழிகாட்டியவர்களில் ஒருவர் இத்தாலிய மருத்துவர் ஜியோவானி மரியா லான்சிசி.

1654-ல் ரோமில் பிறந்த இவர், போப் பதினோராம் கிளமென்ட்டின் மருத்துவராக விளங்கினார். திடீர் மரணங்கள் குறித்து ஆராய்ந்து 1707-ல் நூல் வெளியிட்டார்.

1713-ல் வெக்கை நோய் ரோம் பகுதி மாடுகளைத் தாக்கியது. நோய்க்கிருமி எதுவென எவரும் அறியாத காலம் அது. நோயுற்ற மாடுகளைக் கொன்று சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும், மாடுகளை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வதைத் தடுக்கவும் லான்சிசி பரிந்துரைத்தார். உழவு மாட்டை இழப்பது விவசாயிக்குப் பேரிழப்பு. ஆயினும் மந்தை முழுவதும் மடிவதைவிட அதுவே மேல் என அவர் கருதினார். தடையை மீறியோருக்குக் கடும் தண்டனை விதிக்கப்பட்டது. சில மாதங்களில் அங்கு நோய் அடங்கியது.

லான்சிசி 1720-ல் காலமானார். இந்தியாவில் 1995-ல் கடைசியாகக் காணப்பட்ட வெக்கை நோய், 2011-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்குத் தடுப்பூசி பெரிதும் உதவியது. எனினும் புதிய தொற்று தலைகாட்டும்போது முதலில் கைகொடுப்பது, லான்சிசி வலியுறுத்திய நடமாட்டக் கட்டுப்பாடே.